நடுத்தெருவில் ஒரு விமான நிலையம்

ஷார்ஜாவில் வருஷக்கணக்காகக் குடியிருந்தும் அல் மஹத்தா அருங்காட்சியகத்துக்குள் கால் வைக்காதவர்களைச் சந்தித்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட வேண்டும் என்று பரபரக்கும். துபாயின் உயரமான கட்டடத்தைப் பார்த்தாயிற்று, அபுதாபியின் பெரிய பள்ளிவாசலைப் பார்த்தாயிற்று, பாலைவனத்தில் ஜீப்பில் குலுங்கியாயிற்று என்று அடுக்குகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "மஹத்தா பார்த்தீர்களா?" என்பதுதான். பெரும்பாலும் "அது எங்கே இருக்கிறது?" என்ற பதில் வரும். அவர்கள் தினமும் கடக்கும் தெருவில்தான் இருக்கிறது!

கிங் அப்துல் அஜீஸ் தெருவை ஷார்ஜாவாசிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அல் காசிமியா பகுதியை நீளவாக்கில் வகிர்ந்துகொண்டு போகிற தெரு அது. இரண்டு பக்கமும் அடுக்குமாடிக் கட்டடங்கள், வங்கிகள், மருந்துக் கடைகள், சாயாக் கடைகள், சாயங்காலமானால் அசையாத வண்டி வரிசை. எங்கும் வளையாமல் நூல் பிடித்தாற்போல அது ஏன் அப்படி நேராகப் போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அது விமான ஓடுதளம். 1977 தொடக்கத்தில் இப்போதைய ஷார்ஜா சர்வதேச விமான நிலையம் ஊருக்கு வெளியே வந்ததும் பழைய நிலையம் ஓய்வு பெற்றது. ஊர் வளர்ந்து வந்து ஓடுதளத்தைத் தெருவாக்கிக்கொண்டது. பழைய நிலையத்தின் கட்டடத்தையும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் மட்டும் இடிக்காமல் காப்பாற்றி, 2000ஆம் ஆண்டு அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். காப்பாற்றிய அந்தக் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வளைகுடா நகரங்களில் முப்பது வருஷக் கட்டடமே பழசு என்று இடிபடும். அப்படிப்பட்ட இடத்தில் 1932ஆம் ஆண்டின் சுவர் ஒன்று நிற்கிறது, அதன் நிழலில் நாமும் போய் நிற்கலாம் என்பது எவ்வளவு பெரிய பாக்கியம்!

கதை லண்டனிலிருந்து தொடங்குகிறது. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் 1929இல் லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே விமானம் விட ஆரம்பித்தது. ஒரு வாரப் பயணம். விமானங்கள் பாரசீகத்தின் கரையோரமாகப் பறந்தன. பாரசீக அரசு அதற்கான அனுமதியை நீட்டிக்க மறுத்துவிட, வளைகுடாவின் இந்தப் பக்கம், அரபுக் கரையில், இரவு தங்கிப் போக ஓர் இடம் வேண்டியதாயிற்று. அன்றைய விமானங்கள் இருட்டில் பறப்பதைத் தவிர்த்தன. ஒரே மூச்சில் அதிக தூரம் போகவும் அவற்றால் முடியாது. 1932 ஜூலையில் ஷார்ஜாவின் ஆட்சியாளர் ஷேக் சுல்தான் பின் சகர் அல் காசிமியோடு ஒப்பந்தம் முடிந்தது. மாதம் 800 ரூபாய் வாடகை, ஷேக்கின் சொந்த மானியமாக 500 ரூபாய். ஆம், ரூபாய்தான்! அப்போது இந்தக் கரை முழுவதும் புழங்கியது நம் ஊர்ப் பணம். இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அடித்தது 1959இல். திர்ஹம் வந்ததோ 1973இல். இன்று ஊருக்குப் பணம் அனுப்பும் போதெல்லாம் ரூபாய்க்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற நமக்கு, இந்த மண்ணின் முதல் விமான நிலையத்தின் வாடகையே ரூபாயில் எழுதப்பட்டது என்று தெரியவரும்போது உடம்பு சிலிர்க்கிறது.

பயணிகள் தங்க ஒரு விடுதி கட்டினார்கள். அது கோட்டை போல இருக்கும். பாலைவனத்தின் நடுவே, ஊரின் மதிலுக்கு வெளியே தனியாக நிற்கும் கட்டடம் என்பதால் தடித்த சுவர்கள், நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், காவலுக்கு ஷேக்கின் ஆட்கள். இன்று அந்த முற்றத்தில் நிற்கும்போது வெளியே ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே சுவரில் கை வைத்தால் வேறொரு காலம். நான் போகும்போதெல்லாம் அந்தச் சுவரைத் தொடாமல் வருவதில்லை. லண்டனில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பி, ஐரோப்பாவையும் எகிப்தையும் இராக்கையும் கடந்து, புழுதியும் வியர்வையுமாக வந்து இறங்கிய பயணிகள் இந்த முற்றத்தில்தான் இரவு வானத்தை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். மின்விளக்கு எதுவும் மறைக்காத அந்தக் கால வளைகுடா வானம்! மறுநாள் விடியலில் கராச்சி. அல்லது எதிர்த் திசையில் பஹ்ரைன்.

முதல் விமானம் இறங்கிய நாள் 1932 அக்டோபர் 5. விமானத்தின் பெயர் ஹன்னோ. க்வாதரிலிருந்து வந்தது. ஹேண்ட்லி பேஜ் எச்.பி.42 என்ற ரகம். என் மனசைக் கொள்ளைகொண்ட விமானம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று கூசாமல் சொல்வேன். இரண்டு தட்டு இறக்கைகள். மேலிறக்கையின் அகலம் 130 அடி. நான்கு என்ஜின்கள், மேலே இரண்டு கீழே இரண்டு. இருபத்து நான்கு பேர் வரை உட்காரலாம். உள்ளே ரயிலின் முதல் வகுப்புப் பெட்டி போன்ற அறை, சுடச்சுட உணவு பரிமாறச் சிப்பந்திகள். வேகம் மட்டும் மணிக்கு 160 கிலோமீட்டர் அளவில். இன்று ஷேக் முகம்மது பின் சாயித் சாலையில் போகும் கார் அந்த வேகத்தை எட்டிவிடும். ஆனால் அந்த மெதுவிலும் ஒரு மகத்துவம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் இந்த ரகத்தில் ஏறிய பயணி ஒருவர்கூட உயிரிழந்ததில்லை. விமானப் பயணம் என்றாலே உயில் எழுதிவிட்டுப் போன காலத்தில் இதைவிடப் பெரிய பெருமை ஒரு விமானத்துக்கு வேறென்ன வேண்டும்!

மொத்தம் எட்டே எட்டுதான் கட்டினார்கள். அந்த எட்டில் ஒன்றுகூட இன்று இல்லை. நம் ஹன்னோ 1940 மார்ச்சில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே நிறுத்தியிருந்தபோது சூறைக்காற்றில் சிக்கி நொறுங்கியது. அதனால்தான் இந்தக் கட்டடம் எனக்கு அத்தனை அருமையாகத் தெரிகிறது. பறந்தது போய்விட்டது, அது இறங்கிய வீடு இருக்கிறது.

ஹன்னோ இங்கே இறங்கிச் சரியாகப் பத்தாம் நாள் என்ன நடந்தது தெரியுமா? 1932 அக்டோபர் 15. கராச்சியின் டிரிக் ரோடு திடலிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா ஒரு சின்னஞ்சிறு புஸ் மாத் விமானத்தை எடுத்துக்கொண்டு, அகமதாபாத் வழியாக பம்பாய்க்குப் பறந்தார். இந்திய வான்பயணத்தின் பிறந்தநாளாக நாம் கொண்டாடுகிற நாள் அது. பம்பாயிலிருந்து அஞ்சல் மூட்டையை வாங்கிக்கொண்டு நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். டாடா தொடங்கியதே கராச்சியில் இம்பீரியல் ஏர்வேஸ் இறக்கும் அஞ்சலை உள்நாட்டுக்குக் கொண்டுபோகத்தான். லண்டன், பஹ்ரைன், ஷார்ஜா, க்வாதர், கராச்சி, பம்பாய், பெல்லாரி, சென்னை! இந்தப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். மயிலாப்பூரிலோ ஜார்ஜ் டவுனிலோ ஒருவர் கைக்கு வந்த வான்அஞ்சல் கடிதத்தின் பாதையில் இந்த முற்றமும் ஒரு படி. சென்னையும் ஷார்ஜாவும் ஒரே மாதத்தில் உலக வான்வழியில் இணைந்த ஊர்கள். பள்ளிக்கூடத்தில் டாடாவின் கதையைப் படித்தோம். அதன் மறுபாதி இந்தத் தெருவில் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது நான் சொல்லித் தருகிறேன், ஊர் முழுக்க!

தமிழர்கள் இங்கே வந்து நின்று நினைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பெயர் இருக்கிறது. சர் ஏ.டி. பன்னீர்செல்வம். இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் பெரும்பண்ணையூரில் பிறந்தவர். பாரிஸ்டர், நீதிக்கட்சியின் பெருந்தலைவர்களில் ஒருவர், சென்னை மாகாண அமைச்சர், இந்தியக் கிறித்தவர்களின் பிரதிநிதியாக லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். ஈரோட்டில் பேருந்து ஏறி இறங்குகிற எவரும் பன்னீர்செல்வம் பூங்கா என்று நாளுக்கு நூறு தடவை சொல்கிறார்களே, அந்தப் பன்னீர்செல்வம். 1940இல் லண்டனில் இந்திய விவகார அமைச்சரின் ஆலோசகராகப் பொறுப்பேற்க அவர் விமானத்தில் கிளம்பினார். ஹன்னோவின் உடன்பிறப்பான ஹன்னிபால் விமானம். மார்ச் 1ஆம் தேதி ஓமன் வளைகுடாவின் மேல் ஷார்ஜாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. வந்து சேரவே இல்லை. விமானத்தில் இருந்த எட்டுப் பேரில் முதல் உலகப் போரின் பேர்பெற்ற விமானி ஹரோல்ட் விஸ்லரும் ஒருவர். தேடினார்கள், சிதைவு எதுவும் கிடைக்கவில்லை. காரணமும் இன்றுவரை தெரியவில்லை.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். வந்து சேர வேண்டிய நேரம் கடந்தும் வராத ஒரு விமானத்துக்காகக் கிழக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு இங்கே ஆட்கள் நின்றிருப்பார்கள். தஞ்சைத் தரணியின் ஒரு மகனுடைய பயணம், அவர் வந்து தங்கியிருக்க வேண்டிய இந்த முற்றத்துக்கு முன்னாலேயே கடலில் முடிந்துபோயிற்று. திராவிட இயக்க வரலாற்றை வரிவரியாக அறிந்த நண்பர்களிடம் இதைச் சொல்லி, "அவர் வந்து இறங்க வேண்டிய இடம் ஷார்ஜாவில் அப்படியே இருக்கிறது, வாருங்கள்" என்று கூட்டிப் போயிருக்கிறேன். முற்றத்தில் அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

சரி, இனி விமானக் கொட்டகைக்குள் வாருங்கள். குழந்தைகளை அழைத்து வந்திருந்தால் இங்கே அவர்களை அடக்க முடியாது, அடக்கவும் வேண்டாம். பழைய ப்ரொபெல்லர் விமானங்களைத் துடைத்து மெருகேற்றி, இன்றைக்கே கிளம்பத் தயார் என்பதுபோல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆவ்ரோ ஆன்சன், டி ஹாவிலண்ட் டவ், டக்ளஸ் டிசி-3. ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வரலாம். நம் தலைக்கு மேலே ப்ரொபெல்லர் நிற்கும். ரிவெட் ஒவ்வொன்றையும் எண்ணலாம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தூரத்தில் வைத்துக் காட்டும் சங்கதியே இல்லை; அதன் மூக்கருகே போய் நின்று மூச்சு விடலாம்!

டிசி-3யைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன். 1935 டிசம்பர் 17 அன்று முதல்முறை பறந்த ரகம். ரைட் சகோதரர்கள் பறந்த அதே தேதி! போர்க்கால வடிவங்களையும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பழைய தலைமுறை 'டக்கோட்டா' என்று சொல்லிச் சொல்லி, ஓட்டை உடைசல் வண்டிக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்துவிட்டது. பாவம், எத்தனை அநியாயம்! உலகத்தின் மிக நம்பகமான விமானங்களில் ஒன்று அது. அதற்கு மூக்குப் பக்கம் சக்கரம் கிடையாது, வாலடியில்தான் சின்னச் சக்கரம். அதனால் தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து மூக்கு வானத்தைப் பார்த்தபடி இருக்கும். பயணிகள் பின்கதவில் ஏறி, மேடேறுவதுபோல நடந்துதான் இருக்கைக்குப் போக வேண்டும். நிற்கும்போதே பறக்கிற தோரணை வேறெந்த விமானத்துக்கும் இல்லை. கொட்டகைக்குள் நுழைந்ததும் அது நம்மைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நிமிர்வுக்காகவே ஒரு தடவை போய்வாருங்கள்.

ஆன்சன் சின்னது. ஆனால் அதற்கு முன்னால்தான் வளைகுடாக்காரர்கள் கும்பிட வேண்டும். ஃப்ரெடி பாஸ்வொர்த் என்றொரு பிரிட்டிஷ் விமானி பஹ்ரைனில் ஒரே ஒரு ஆன்சனை வைத்துக்கொண்டு டாக்சி விடுவதுபோல தோஹாவுக்கும் தஹ்ரானுக்கும் ஆட்களை ஏற்றிப் போனார். ஏழு பேர் உட்காரலாம். 1950இல் அது கல்ஃப் ஏவியேஷன் கம்பெனியானது. அதுதான் 1970களில் பஹ்ரைன், கத்தார், அபுதாபி, ஓமன் ஆகிய நான்கும் கூட்டாக நடத்திய கல்ஃப் ஏர். நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும் ஊருக்கு வந்தபோது தோளில் தொங்கவிட்டு வந்த பையில் இருந்த அந்தத் தங்கப் பருந்து, இந்த ஆன்சன் முட்டையிட்டுப் பொரித்த குஞ்சு! பாஸ்வொர்த் அந்த வளர்ச்சியைப் பார்க்கவில்லை. 1951இல் இங்கிலாந்தின் க்ராய்டனில் டவ் விமானமொன்றைப் பறக்கவிட்டபோது விபத்தில் இறந்துவிட்டார். ஆன்சனும் டவ்வும் ஒரே கொட்டகையில் நிற்பதைப் பார்க்கையில் அந்த மனிதரின் முழு வாழ்க்கையும் கண்முன் நிற்கிறது. ஆன்சனைப் பற்றி இன்னொன்று: இந்த ரகத்தின் ஆரம்பகால மாதிரிகளில் சக்கரத்தை உள்ளே மடக்க, விமானி ஒரு கைப்பிடியை 140 தடவைக்கு மேல் கையால் சுற்ற வேண்டும். குழந்தைகளிடம் சொல்லுங்கள், உடனே காற்றில் கையைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

பறப்பது எப்படி என்ற கேள்விக்கும் இங்கே இடம் உண்டு. பறக்க ஆசைப்பட்ட மனிதர்களின் கதையும் விமானம் மேலே எழும்பும் விதமும் விளக்கப்பட்டிருக்கின்றன. என்னை இது வெப்பக் காற்று பலூனிடம் கொண்டுபோய் விடும். மனிதன் முதலில் பறந்தது அதில்தானே. பிரான்சில் காகிதம் செய்யும் குடும்பத்தில் பிறந்த மோங்கோல்ஃபியே சகோதரர்கள் 1783இல் முதலில் ஓர் ஆட்டையும் வாத்தையும் சேவலையும் மேலே அனுப்பினார்கள். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று பாரிஸில் இரண்டு மனிதர்கள் ஏறிப் பறந்தார்கள். துபாய் பாலைவனத்தில் மார்கம் பக்கம் விடியற்காலையில் பலூன்கள் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். நானும் ஏறியிருக்கிறேன். பர்னர் நிற்கும் நொடிகளில் வரும் அந்த அமைதி! கீழே மணல்மேடுகள், தூரத்தில் ஹஜர் மலை, காற்றோடு காற்றாக நாமும் போவதால் முகத்தில் காற்றே அடிக்காது. அதைச் சொல்லில் அடக்க என்னால் ஆகவில்லை.

அந்தப் பலூன்கள் கோடையில் ஏன் கிளம்புவதில்லை தெரியுமா? 20 டிகிரிக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. பலூனுக்குள் அதை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 950 கிராம். இந்தக் கால் கிலோ வித்தியாசம்தான் தூக்கும் சக்தி. ஆகஸ்டில் வெளியே 45 டிகிரி அடிக்கும்போது வெளிக்காற்றே லேசாகிவிடும். வித்தியாசம் 160 கிராம் அளவுக்குக் குறைந்துபோகும். கூடையில் ஏறுகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பறக்கவே முடியாது. விமானத்துக்கும் இதே சங்கடம்தான். சூட்டில் காற்று மெலிந்தால் இறக்கைக்குப் பிடிப்புக் குறையும், என்ஜினுக்கும் மூச்சுக் குறையும், இன்னும் நீளமாக ஓடித்தான் எழும்ப முடியும். ஹன்னோவின் விமானிகள் அந்த அக்டோபர் சூட்டில், குளிர்சாதனமும் ரேடாரும் இல்லாமல், மணல்மேல் இறங்கி மணல்மேல் ஏறினார்கள். இதை மனசில் வைத்துக்கொண்டு அந்தக் கொட்டகையில் நடந்தால் ஒவ்வொரு இறக்கையும் வேறு மாதிரித் தெரியும்.

பலூனையும் வளைகுடாவையும் சேர்த்துப் பேசும்போது பெர்ட்ரான்ட் பிக்காரைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1999 மார்ச்சில் எங்கும் இறங்காமல் பலூனில் உலகத்தைச் சுற்றி முடித்த முதல் மனிதர்கள் அவரும் பிரையன் ஜோன்ஸும். சுவிட்சர்லாந்தில் ஏறி எகிப்தின் பாலைவனத்தில் இறங்கினார்கள். அதே பிக்கார், சூரிய ஒளியில் மட்டுமே பறக்கும் சோலார் இம்பல்ஸ் விமானத்தில் ஆந்த்ரே போர்ஷ்பெர்க்கோடு உலகம் சுற்றக் கிளம்ப இடம் தேடியபோது தேர்ந்தெடுத்தது அபுதாபியை. 2015 மார்ச் 9 அன்று புறப்பட்டது. மஸ்கட், அகமதாபாத், வாரணாசி என்று போய் 2016 ஜூலை 26 அன்று அபுதாபிக்கே திரும்பியது. லண்டன் விமானம் இளைப்பாற ஒரு முற்றம் கொடுத்த கரை, எரிபொருளே வேண்டாத விமானத்துக்குத் தாய்வீடாகவும் இருந்திருக்கிறது.

போர்க்காலத்தில் மஹத்தா பிரிட்டிஷ் விமானப்படைத் தளமானது. அந்தப் படை 1971இல், அமீரகம் பிறந்த அதே டிசம்பரில்தான் கிளம்பியது. அந்த நாட்களைப் பற்றி நிறைய எழுதலாம். எனக்குப் பிடித்தது அங்கே 1945இல் தொடங்கிய சினிமா ஒன்றுதான். திறந்தவெளிக் கொட்டகையில் படம் ஓட்டினார்கள். இந்த நாட்டின் முதல் சினிமா அதுதான் என்கிறார்கள். நம் டூரிங் டாக்கீஸைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மணல் தரையும் நட்சத்திரக் கூரையும் எப்படிப்பட்ட இடம் என்று விளக்க வேண்டியதில்லை. இந்த நிலையமே ஒரு படத்தில் நடித்திருக்கிறது! 1937இல் எடுத்த 'ஏர் அவுட்போஸ்ட்' என்ற ஆவணப்படம். விமானம் வரும் நாளில் கோட்டையும் ஊரும் எப்படி ஆயத்தமாகின்றன என்பதுதான் கதை. கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இயக்கியவர்கள் ஜான் டெய்லரும் ரால்ஃப் கீனும். அருங்காட்சியகம் போகுமுன் அதைத் தேடிப் பார்த்துவிடுங்கள். திரையில் பார்த்த சுவரை நேரில் கண்டுபிடிக்கும் ஆனந்தம் அலாதியானது.

ஒரு தடவை கொட்டகையில் டிசி-3யை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு பெரியவர் தன் பேத்திக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். காயல்பட்டினத்துக்காரர். அவர் ஊர் வழக்கில் அண்ணன் என்பதற்குக் 'காக்கா'.

"காக்கா, நீங்க எப்ப வந்தீங்க இந்த ஊருக்கு?"

"நா வந்தது கப்பல்ல தம்பி. பம்பாயில இருந்து துவாரகா கப்பல். அப்ப ப்ளேன் டிக்கெட்டுக்கு யாருகிட்ட காசு? ஆனா ப்ளேன் தெனமும் பாப்போம். இந்தா, வாசல்ல ரோடு இருக்குல்லா, அதுலதான் எறங்கும். வேலை முடிஞ்சு வந்து மணல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்போம்."

"ஏன் காக்கா?"

"அதுல ஊர்க் காயிதம் வருமே!"

பேத்தி அதற்குள் விமானத்தின் வாலடிக்கு ஓடிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே பின்னால் போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துவாரகா கப்பல் 1982 வரை பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் இடையே ஓடியது. பிழைப்புக்குக் கடல் கடந்த சபராளிகள் எத்தனையோ பேருக்கு அதன் மேல்தளம்தான் முதல் வெளிநாட்டு வீடு. இன்று ஷார்ஜாவிலிருந்து ஏர் அரேபியாவில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இறங்கிவிடுகிறோம். 2003இல் தொடங்கிய அந்தக் கம்பெனிதான் மத்தியக் கிழக்கின் முதல் மலிவுக் கட்டண விமானம். அதற்கும் தாய்மண் ஷார்ஜா. இந்த ஊர் பறப்பதை விட்டதே இல்லை.

போவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: ரோலாவில் இருந்தால் டாக்சியில் ஏறி "மஹத்தா மியூசியம், அல் காசிமியா" என்று சொன்னால் போதும், கொஞ்ச நேரத்தில் வாசலில் விடுவார்கள். நுழைவுக்குச் சொற்பக் கட்டணம்தான். வெள்ளிக்கிழமை என்றால் நேரத்தை முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். துபாயிலிருந்து வருகிறவர்கள் மாலை நெரிசலுக்கு முன் வந்துவிடுவது நல்லது. உள்ளே முதலில் கோட்டை முற்றத்தைப் பாருங்கள், அறைகளை அவசரமில்லாமல் பாருங்கள், விமானக் கொட்டகையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் அதை முதலில் பார்த்துவிட்டால் மற்ற எதற்கும் திரும்பி வரமாட்டார்கள். கேமராவை மறக்க வேண்டாம். ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவை மால்களில் நடக்க வைத்துக் கால் வலிக்கச் செய்யாமல் இங்கே கூட்டி வாருங்கள். அப்பாவுக்குப் பேச நிறைய இருக்கும்.

வெளியே வந்ததும் வண்டியில் ஏறிவிடாமல் கிங் அப்துல் அஜீஸ் தெருவில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். எதிரே ஒரு கரக் சாயா வாங்கிக்கொண்டு, அந்தத் தெரு எவ்வளவு நேராகப் போகிறது என்று பார்த்துக்கொண்டே நடக்கலாம். அடுத்த மாதம் தஞ்சாவூரிலிருந்து என் தாய்மாமா வருகிறார். பன்னீர்செல்வத்தின் பெயரைச் சொல்லும்போதே எழுந்து நிற்கிற மனிதர். அவரை விமான நிலையத்திலிருந்து நேராக இந்தப் பழைய விமான நிலையத்துக்குத்தான் அழைத்துப் போகப்போகிறேன், பெட்டியை வீட்டில் வைப்பதெல்லாம் அப்புறம்.